யாழிக்கு மே 1 வரைதான் தவணை

செம்பூர், மும்பை
ஏப்ரல் 17

அன்புள்ள செல்வத்துக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோமதி வீட்டாரும் நலம். அங்கே டல்லாஸில் நீயும் மீனாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க செட்டா நகர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இதை நோட்டுத்தாளில் எழுதி, கோமதி மகனிடம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லப்போகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்து விஷயத்துக்கு வருவதற்குள் "சரிம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். எழுத்து என்றால் கடைசி வரை படிப்பாய் என்று நம்புகிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு நீ பேசவில்லை. சாஸ்தா கோவில் வரிப்பணத்தை உன் பேருக்கும் சேர்த்து ஊருக்கு அனுப்பிவிட்டேன், அதை நினைத்துக் கவலைப்படாதே. வேலை அதிகமாக இருந்திருக்கும். இருக்கட்டும்.

நான் எழுத வந்தது உன் மகள் யாழி விஷயம். அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே ஐயா, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். மாசசூசெட்ஸில் மவுண்ட் ஹோலியோக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, வருகிறேனா இல்லையா என்று மே 1-க்குள் சொல்ல வேண்டும், அப்பா வேண்டாம் என்கிறார், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் எடுத்து வீட்டிலிருந்தே போய்வரச் சொல்கிறார் என்றாள். அழவில்லை. "இட்ஸ் ஓகே ஆச்சி" என்றாள். அந்த ஓகேதான் எனக்குப் பொறுக்கவில்லை. மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு ஓகே சொல்வதில் அவள் அப்படியே உன்னைக் கொண்டிருக்கிறாள்.

நீ சொன்ன காரணங்களையும் சொன்னாள். பெண்கள் மட்டும் படிக்கிற இடம் இந்தக் காலத்துக்கு ஒத்துவராதாம். அந்த லிபரல் ஆர்ட்ஸ் படிப்புக்கு வேலை கிடைக்காதாம். ரொம்ப தூரமாம், பனியாம். பணத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். எனக்கு அதுதான் ஆச்சரியம். வருஷத்துக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும் ஒரு காலேஜைப் பற்றிப் பேசும்போது, பெட்ரோல் போட்ட ரசீதைக்கூடப் பத்திரப்படுத்துகிற என் மகன் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால்... சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தக் காலேஜ். நான் படித்தது சென்னை நுங்கம்பாக்கம் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, அதாவது டபிள்யூ.சி.சி. என்று உனக்குத் தெரியும். அதற்கும் மவுண்ட் ஹோலியோக்குக்கும் என்ன உறவு என்று தெரியுமா? எங்கள் காலேஜ் 1915-ல் தொடங்கியது. 1920-லிருந்து அந்த இரண்டும் சகோதரிக் கல்லூரிகள். விழா மேடைகளில் அந்தப் பெயரை நான் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ பணக்காரப் பெண்கள் படிக்கிற இடம் என்று நினைத்துக்கொள்வேன். அதே இடத்தில் என் பேத்திக்கு இடம் கிடைத்திருக்கிறது, அதுவும் யார் சிபாரிசும் இல்லாமல். பக்கத்து வீட்டு மாமியிடமும் பால்காரரிடமும் கோவில் குருக்களிடமும் சொல்லியாயிற்று. நீ வேண்டாம் என்று எழுதிப்போட்டால் நான் அவர்களுக்கு என்ன சொல்வது என்பதற்காக இதை எழுதவில்லை. அது எனக்குப் பெரிதில்லை. பெண்கள் காலேஜ் என்றால் நீ எதையோ தப்பாக நினைத்துவைத்திருக்கிறாய், அதைச் சரிசெய்ய வேண்டியது என் கடமை.

சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் பையன்களோடுதான் படித்தோம். கெமிஸ்ட்ரி லேபில் நாலு பேருக்கு ஒரு மேசை. திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விடுகிற கண்ணாடிக் குழாயான பியூரெட்டைப் பையன்கள் பிடிப்பார்கள், நாங்கள் ரீடிங்கை நோட்டில் எழுதுவோம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, அதுவாக நடக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சார் பாராட்டுவார், எங்களுக்கும் அதில் பெருமைதான். டபிள்யூ.சி.சி.யில் முதல் பிராக்டிகலுக்குப் போய் நோட்டைத் திறந்து பேனாவை மூடி கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். என் மேசையில் இருந்த மற்ற மூன்று பேரும் அதே மாதிரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பியூரெட் ஸ்டாண்டில் அது பாட்டுக்கு இருக்கிறது. யாராவது எடுப்பார்கள் என்று நாலு பேரும் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். மேடம் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் நோட்டை மூடிவிட்டு, பியூரெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குழாயை விரலால் திருகிச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூம்புக் குடுவையில் வெளிர் ரோஸ் நிறம் வந்து நிற்கிற அந்த ஒரு சொட்டில் மூட வேண்டும். நிறம் அடர்ந்துவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு சாயங்காலம் லேபைப் பூட்டுகிற வரைக்கும் அதைச் செய்தேன். அந்த ஒரு சொட்டு என் விரலுக்குப் பிடிபட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்ல.

லேபோடு முடிந்த கதையும் இல்லை. தேர்தலில் நிற்பது, நடத்துவது, ஓட்டு எண்ணுவது, தோற்றவளைச் சமாதானப்படுத்துவது எல்லாம் நாங்கள். நாடகம் போட்டால் ராஜாவும் நாங்கள், லைட் போடுகிறவரும் நாங்கள். ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் என்னைப் போட்டார்கள். அரிசி என்ன விலை, கழிவு எவ்வளவு, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எங்கே உதைக்கிறது என்று கணக்கு நோட்டை விரித்து எல்லாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று நின்ற இடத்தில் சொல்ல வேண்டும். ஊரில் பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து பார்க்காமல் வளர்ந்த பெண் நான். எனக்கு அந்த மூன்று வருஷம் செய்ததை வேறு எந்த இடமும் செய்திருக்காது. ஜானகி அம்மாள் எங்கள் காலேஜில் பாடம் எடுத்தவர் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். தலச்சேரியிலிருந்து மதராஸுக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தவர், மிச்சிகன் போய் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர், கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அவரை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பெண் தாவரவியல் விஞ்ஞானியாக இருப்பது எங்களுக்கு அதிசயமாகவே தெரியவில்லை பார், அதுதான் அங்கே கிடைத்தது.

நீ சொல்வாய், அது அந்தக் காலம் அம்மா, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று. மாறிவிட்டதா? நான் அங்கே வந்திருந்தபோது யாழியின் ரோபோட் போட்டிக்குக் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? மெஷினைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரோடு பையன்கள். யாழி போஸ்டர் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகப் பேசுகிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள், நீ வீடியோ எடுத்தாய். ராத்திரி அவளிடம் கேட்டேன், நீ எந்தப் பாகம் செய்தாய் கண்ணு என்று. "நான் டாக்குமென்டேஷன் ஆச்சி" என்றாள். சங்கரன்கோவில் லேபில் நான் செய்ததும் அதுதான்.

ஆண்கள் இல்லாத இடத்தில் எப்படி உலகம் தெரியும் என்று கேட்கிறாய். இத்தனை வருஷமாக அவள் அந்த உலகத்தில்தானே இருந்தாள்? இனி வேலைக்குப் போனாலும் அதே உலகம்தான். நடுவில் நாலே நாலு வருஷம், யார் எடுப்பார்கள் என்று பார்த்து நிற்காமல் கையை நீட்டி எடுக்கிற பழக்கம் வரட்டும் என்கிறேன். அவள் ஒன்றும் மடத்தில் சேரப் போகவில்லை. ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் எல்லாம் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இவர்கள் அங்கே போய்ப் பாடம் எடுத்துக்கொள்ளலாம், அவர்கள் இங்கே வரலாம், போய்வர பஸ்கூட இருக்கிறது என்று யாழி சொன்னாள். அதில் ஸ்மித் பெண்கள் காலேஜ், மற்ற இரண்டிலும் பையன்கள் நிறையவே இருக்கிறார்கள்.

இவ்வளவு நல்லதென்றால் அமெரிக்காவில் பெண்கள் காலேஜ்கள் ஏன் குறைந்துபோயின என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். 1960-ல் இருநூறுக்கும் மேல் இருந்தன, இன்று முப்பது சொச்சம்தான். அதுவரை பையன்களை மட்டும் சேர்த்த யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் 1969-ல் இளநிலைப் படிப்புக்குப் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தன, அதே வருஷம் பெண்கள் காலேஜாக இருந்த வாஸர் பையன்களைச் சேர்த்தது. பெரிய கதவு திறந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள், சின்னக் காலேஜ்கள் பண நெருக்கடியில் மூடப்பட்டன. அது நியாயம்தான், கதவு திறந்தால் போகத்தானே செய்வார்கள். இத்தனைக்கும் பிறகு நிற்கிற காலேஜ் ஏன் நிற்கிறது என்று பார். எனக்குத் தெரிந்து, அங்கே படித்தவர்கள் அதை விடவில்லை. நம் ஊரில் 2003-ல் ராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போகிறோம் என்றபோது அந்தப் பிள்ளைகள் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்களே, கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அப்படி ஒரு பிடிப்பு எல்லாப் படிப்பு இடத்தின் மேலும் வந்துவிடாது.

இப்போது வேலை விஷயம். லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் நீ பாட்டு, படம் வரைதல் என்று நினைத்துக்கொள்கிறாய். முதல் இரண்டு வருஷம் பலதும் படித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு எது முக்கியப் பாடம் என்று முடிவு செய்யலாம். அதில் கம்ப்யூட்டரும் உண்டு, உயிரியலும் உண்டு, சரித்திரமும் உண்டு. யாழிக்கு உயிரியலும் பிடிக்கிறது, சரித்திரமும் பிடிக்கிறது. பதினெட்டு வயதில் ஒன்றை வெட்டிப்போடச் சொன்னால் எப்படி?

யாழி பிறந்தபோது நான் அங்கே இருந்தேன். நர்ஸ் குழந்தையைத் துடைத்து, பார்த்து, "நைன்" என்று எழுதினாள். நீ பதறிப்போய், ஏன் பத்து இல்லை, என்ன குறை என்று அவளை விடாமல் கேட்டாய். கையும் காலும் கொஞ்சம் நீலமாக இருக்கும், எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் என்று அவள் சிரித்தாள். அந்த மார்க்குக்கு ஆப்கர் ஸ்கோர் என்று பெயர். நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, தசை எப்படி, மூச்சு எப்படி என்று ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். 1952-ல் அதை யோசித்துக் கொண்டுவந்தவர் வர்ஜீனியா ஆப்கர் என்ற டாக்டர். மவுண்ட் ஹோலியோக்கில் விலங்கியல் படித்து 1929-ல் வெளியே வந்தவர். உன் மகளுக்கு உலகத்தில் விழுந்த முதல் மார்க்கே அந்தக் காலேஜ் பெண் போட்ட கணக்குப்படிதான். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை செல்வம்.

இன்னொருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். அதே காலேஜில் 1902-ல் முடித்தவர். படித்தது இயற்பியல். கடைசி வருஷத்தில் பொருளாதார வரலாற்றுப் பாடம் ஒன்று. அதை எடுத்த டீச்சர் மாணவிகளைப் பக்கத்து ஊர் ஆலைகளுக்கு அனுப்பி, அங்கே பெண்களும் பிள்ளைகளும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையையே அது திருப்பிவிட்டது. பிறகு 1933-லிருந்து 1945 வரைக்கும் அதிபர் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறைச் செயலர். அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண். 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பாடுபட்டவர். வயதானவர்களுக்குப் பென்ஷன், வேலை போனவர்களுக்கு அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் உதவிப் பணம், எல்லாம் அதில் வந்ததுதான். வேலை போவது ஒருத்தனுடைய குற்றம் இல்லை, அது எல்லாருக்கும் வரலாம், அதற்கு நாடு ஒரு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்தப் பணத்தை வாங்குவதில் யாருக்கும் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யாரையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை, பெர்கின்ஸ் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் வந்தது.

டல்லாஸ் பக்கம் கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். போன செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது இங்கே ராத்திரி பத்தரை. அங்கே பட்டப்பகல் பன்னிரண்டு மணி. பின்னால் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை என்று சொன்னாய். சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

தாராவி ஸ்கூலில் நான் பாடம் எடுத்த பிள்ளைகளைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். ஏழாவது முடிந்ததும் போதும் என்பார்கள். பத்தாவது வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தால், காலேஜா, அங்கே பையன்கள் இருப்பார்களே என்று அப்பன்மார் எழுந்து போய்விடுவார்கள். பெண்களுக்கு மட்டும் உள்ள காலேஜ் இருக்கிறது, எஸ்.என்.டி.டி. என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். சமூகச் சீர்திருத்தவாதி கார்வே 1916-ல் புனேயில் அதை ஆரம்பித்தார், ஜப்பானில் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருப்பதை ஒரு சின்னப் புத்தகத்தில் படித்துவிட்டு. அவர் கட்டிய அந்த வழியாகத்தான் என் பிள்ளைகள் சிலர் வெளியே வந்தார்கள். அப்பனுக்குப் பயம் தீர்ந்தது ஒரு பக்கம். ஆனால் உள்ளே போன பிள்ளை பயந்த பிள்ளையாகத் திரும்பி வரவில்லை. எங்கள் ஸ்கூலுக்குக் கையைக் கட்டிக்கொண்டு வந்த ஒருத்தி, பின்னால் பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, லோன் ஏன் தரவில்லை, எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள். என்னை வாசலில் பார்த்துச் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சம்பளம் இரண்டு மடங்கு வந்த மாதிரி இருந்தது. நீ அந்த அப்பன்மார் மாதிரி இல்லை, எனக்குத் தெரியும். உன் மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று உயிரைக் கொடுப்பவன் நீ. அதனால்தான் இந்த 'வேண்டாம்' உன் வாயிலிருந்து வந்தது என்றால் எனக்கு நம்ப முடியவில்லை.

இப்போது பணம். அப்புறம் வருகிறேன் என்றேனே.

உங்க அப்பா மில் ஆபீஸில் இருந்தார். 1982 ஜனவரியில் ஸ்டிரைக் வந்தது. இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. ஆபீஸ் ஆட்களுக்குக் கொஞ்ச நாள் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. உங்க அப்பா என்னிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்புவார், சாயங்காலம் வருவார். ராணி பாக் பூங்காவில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. டிபன் பாக்ஸ்தான் காட்டிக்கொடுத்தது. மில் கேண்டீன் குழாயில் கழுவித்தான் கொண்டுவருவார், அதில் அவருக்கு ஒரு சுத்தம். அந்த மாதம் கழுவாமல் வர ஆரம்பித்தது. நான் கவனித்தேன். ஒரு ராத்திரி நீ தூங்கின பிறகு, சயான் கோலிவாடா வீட்டில் தரையில் வீட்டுக் கணக்கு நோட்டை விரித்து, கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் ஓடும் என்று கேட்டேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்த மனுஷன் தோள் இறங்கி, நிம்மதியாக மூச்சு விட்டதை இன்றைக்கும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் பி.எட். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு கார்ப்பரேஷன் தமிழ் ஸ்கூலுக்குப் போனேன். மீதி உனக்குத் தெரியும்.

அப்படிக் கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? மெஸ் கணக்கைச் சத்தமாக வாசித்துப் பழகியதிலிருந்து வந்தது. கணக்கில் குறைந்தால் அது ஒரு எண், அதைச் சொல்லலாம், கேட்கலாம், சரிசெய்யலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். யாழியும் அப்படி ஆகட்டும். இப்போதே பாதி அப்படித்தான் இருக்கிறாள். அவளிடம் எதைச் சொன்னாலும் தாங்குவாள். மூடி மூடி வைத்தால்தான் அவளுக்குத் தன்மேல் ஏதோ தப்பு என்று தோன்றும். சேர்க்கை கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல வந்த பிள்ளையிடம் காரணம் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால் அவள் என்ன நினைப்பாள்? இதில் எனக்கு உன்மேல் வருத்தம்தான்.

அந்தக் காலேஜ் தான் சேர்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் போட்டு, மீதியை முழுக்கத் தானே ஏற்பாடு செய்கிறது என்று யாழி படித்துக் காட்டினாள். ஆனால் அந்த பார்மில் போடுவது இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானமாம். அந்த வருஷம் உனக்கு நல்ல சம்பளம், அதனால் உதவி குறைவாகக் காட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு வீட்டில் நிலைமை மாறியிருந்தால், நிதி உதவி ஆபீசுக்குக் கடிதம் எழுதி, காகிதங்களைக் காட்டி, மறுபடி கணக்குப் பார்க்கச் சொல்லலாமாம். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம், தினம் அந்த மாதிரிக் கடிதங்கள்தான் அவர்களுக்கு வருமாம். நிலைமை மாறியிருந்தால் என்றுதான் சொல்கிறேன். மாறாவிட்டால் நல்லது. மாறியிருந்தால் எழுது. ஒரு பக்கம் போதும்.

அந்தக் காலேஜை 1837-ல் தொடங்கிய மேரி லயன் சின்ன வயதில் அப்பாவை இழந்தவர், வேதியியல் டீச்சர். ஊர் ஊராகப் போய்க் காசு திரட்டித்தான் கட்டினார். சமையல், துணி துவைப்பது, பெருக்குவது எல்லாவற்றையும் மாணவிகளே செய்ததால் சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 60 டாலரில் முடித்தார். ஏழைக் குடியானவன் மகளும் படிக்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. பணம் இல்லை என்று சொல்லி வெட்கப்படுவதற்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத இடம் அது. யாழி லைப்ரரியிலோ டைனிங் ஹாலிலோ வேலை பார்த்துக் கொஞ்சம் சம்பாதித்தால் அது நமக்குக் குறைச்சல் என்று நினைத்துவிடாதே.

என் பேரில் போஸ்ட் ஆபீஸில் போட்டது ஜூனில் முதிர்கிறது. கோமதிக்குச் சேர வேண்டியதை அவளுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, அவளும் சரி என்றாள், அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். அங்கே அது பெரிய தொகை இல்லை. முதல் வருஷம் விமானச் செலவு, குளிர்க் கோட்டு, லேப்டாப் இதற்கெல்லாம் ஆகும். எனக்குப் பென்ஷன் வருகிறது, குறை ஒன்றும் இல்லை.

தூரம் என்கிறாய். உன்னை நான் இதைவிட தூரத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

மீனாவிடம் சொல், அவள் கேட்ட சுக்குப்பொடியை அடுத்த மாதம் வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். இங்கே மாம்பழம் வந்துவிட்டது, விலை கேட்க முடியவில்லை. கோமதி மகனுக்குப் பரீட்சை முடிந்தது.

அந்த ஆபீசுக்கு எழுதுவதை நாளைக்கு என்று தள்ளாதே. கண்மூடித் திறப்பதற்குள் மே 1 வந்து நிற்கும். இடத்தை ஒப்புக்கொள்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நாள் கேட்டாலும் கொடுக்கலாம், கேட்டுப் பார்க்கச் சொல். யாழியையே எழுதச் சொல், நீ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. எழுதுவதற்கு முன்னால் அவளை உட்கார வைத்து விஷயத்தைச் சொல். மீனாவுக்குத் தெரியாமல் எதையும் வைத்திருந்தால் அவளுக்கும் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கேயும் போகவில்லை. எத்தனை மணி என்றாலும் கூப்பிடு. நான் எதுவும் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். யாழியிடம் ஆச்சி பக்கத்து வீட்டு மாமிக்கெல்லாம் சொல்லியாயிற்று என்று சொல்லு.

அன்புடன்,
அம்மா